வெள்ளை சீற் கரையுமாம், பயமில்லையாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கூரை சீற் பற்றி எங்கள் ஆட்களிடம் இரண்டு கதை இருக்கிறது. ஒன்று, அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழே படுத்தெழும்பினாலே புற்றுநோய் வந்துவிடும் என்பது. மற்றது, "நீலந்தான் நஞ்சு, இது வெள்ளை, நெஞ்சுக்குள்ள போனாலும் கரைஞ்சு போயிடும்" என்பது. இதைக் கடைக்காரர் மேசனுக்குச் சொல்ல, மேசன் வீட்டுக்காரருக்குச் சொல்ல, இப்போது வீட்டுக்காரர் அயலட்டைக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். முதல் கதையை நம்பினவர் பதறிப்போய் ஒரே நாளில் கூரையை அடித்து நொருக்கி ஒழுங்கைக் கரையில் குவிக்கிறார். இரண்டாவதை நம்பினவர் முகத்தில் ஒரு துணிகூடக் கட்டாமல் கிரைண்டரால் அறுக்கிறார். ஆக, இரண்டு பேரும் செய்வது ஒரே வேலைதான்: சீமெந்துக்குள் சும்மா கிடந்த நாரைக் காற்றில் ஏற்றிவிடுகிறார்கள்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன். இரண்டாவது கதை முழுப் பொய்யென்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன், ஆனால் அதில் பாதி உண்மை இருக்கிறது, அதுதான் கரைச்சல். அதற்கு மறுமொழி சொல்வதென்றால் அந்த நாரின் மேற்பரப்பு வரைக்கும் போகவேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், ஐயா, நீளமென்று வெட்டிவிடாதீர்கள்.

நாராக உரியக்கூடிய ஆறு சிலிக்கேற்றுக் கனியங்களைத்தான் மொத்தமாக அஸ்பெஸ்டஸ் என்கிறோம். வெள்ளை என்று சொல்லப்படும் கிறைசோட்டைல் தனிக் குடும்பம். நீலமான குரோசிடோலைட், மண்ணிறமான அமோசைட், அவற்றோடு திரெமோலைட், அக்ரினோலைட், அந்தோபிலைட் ஆகிய ஐந்தும் அம்பிபோல் என்ற மற்றக் குடும்பம். இன்றைக்குக் கூரை சீற்றில் இருப்பது கிறைசோட்டைல், அதுவும் பத்து வீதம் அளவில்தான், மீதி சீமெந்து. கடைக்காரர் "இது வெள்ளை" என்று சொல்வது அந்த அளவில் சரி.

இந்தக் கிறைசோட்டைலில் ஒரு சிலிக்காப் படையும் ஒரு மக்னீசியம் ஐதரொட்சைட்டுப் படையும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. இரண்டின் அளவும் சரியாகப் பொருந்தாது, மக்னீசியப் பக்கம் கொஞ்சம் பெரிது, அதனால் முழுத் தாளும் பாய் சுருட்டினமாதிரி உருண்டுகொள்கிறது, மக்னீசியம் வெளியே, சிலிக்கா உள்ளே. அந்தச் சுருள்தான் நார். தண்ணீருக்குள் இந்த வெளிப்பக்கம் நேரேற்றம் எடுக்கும், எங்கள் கலங்களின் மென்சவ்விலோ மறையேற்றம் இருக்கிறது, பிறகென்ன, போய் ஒட்டிக்கொள்ளும். புதுக் கிறைசோட்டைலைச் செங்குழியங்களோடு சேர்த்து வைத்தால் குழியங்கள் உடைந்து சிவப்பு வெளியே வழியும். அந்தச் சோதனையை மட்டும் பார்த்தால் வெள்ளை, நீலத்தைவிட மோசமானது! ஆனால் அதே நாரை முதலில் அமிலத்தில் ஊறவைத்து வெளி மக்னீசியத்தைக் கழுவி எடுத்துவிட்டுப் பார்த்தால் குழியங்கள் உடைவது நன்றாகக் குறைகிறது. உடலுக்குள் நடப்பதை ஒரு சோதனைக்குழாய் அப்படியே சொல்லாதுதான், என்றாலும் மேல்தோலை மாற்றினால் நாரின் குணமும் மாறுகிறது என்பதை இதைவிட வெளிச்சமாக எப்படிக் காட்டுவது?

"கரையும்" என்ற கதை பிறந்த இடமும் இதேதான். நுரையீரலுக்குள் போகும் தூசியை விழுங்கித் துப்புரவாக்கும் தின்குழியங்கள் இருக்கின்றன, அவற்றின் வயிற்றுக்குள் பீஎச் 4.5 அளவு, அமிலம். அந்த அமிலத்தில் கிறைசோட்டைலின் மக்னீசியம் கழன்றுபோகும், மிஞ்சுகிற சிலிக்காவுக்குத் தனியே நிற்கப் பலமில்லை, நார் குறுக்கே முறிந்து துண்டாகும், துண்டை வெளியேற்றுவது சுலபம். அம்பிபோலின் கட்டமைப்பு வேறு, அதில் சிலிக்காச் சங்கிலிகள் இரட்டையாக ஓட உலோக அயன்கள் நடுவில் பூட்டுப்பட்டிருக்கும், இந்த அமிலம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, இருபது முப்பது வருடம் கழித்தும் அப்படியே கிடக்கும். பாதி உண்மை என்று நான் சொன்னது இந்தப் பாதியைத்தான்.

மற்றப் பாதியை ஏன் யாரும் சொல்வதில்லை? ஒருமுறை மூச்சில் போன நார் கரைகிறது சரி, நாளைக்கும் அறுப்பவருக்கு? வாரத்தில் ஆறு நாளும் கூரை வேலை செய்பவரின் நுரையீரலில் நேற்றையது கரைய முன்னமே இன்றையது வந்து சேர்கிறது. அதோடு இந்தச் சுருள் கட்டுகள் நீளவாக்கிலும் பிரியும், ஒரு தடித்த நார் பல மெல்லிய நாராகும், எண்ணிக்கை கூடும், மேற்பரப்பும் கூடும். கரையும் வரைக்கும் அந்த மேற்பரப்பு சும்மா இருக்காது.

அது என்ன செய்யும் என்று கேட்டால், இரும்புக்கு வரவேண்டும். நீல அஸ்பெஸ்டஸின் சூத்திரத்தை எடுத்து என் மாணவர்களிடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் கணக்குப் போட்டுச் சொல்வார்கள், நிறையில் ஏறத்தாழ 30 வீதம் இரும்பு. கிறைசோட்டைலில் சூத்திரப்படி இரும்பே இல்லை, ஆனால் இயற்கையில் மக்னீசியம் இருக்கவேண்டிய சில இடங்களில் இரும்பு வந்து குந்தியிருக்கும். இனி, நுரையீரலில் ஒரு நார் 20 மைக்ரோமீற்றரைவிட நீளமென்றால் அதை விழுங்கப் போகும் தின்குழியத்தைவிட அது பெரிது. முழுதாக விழுங்கவும் முடியாமல், விடவும் மனமில்லாமல், குழியம் வாயைத் திறந்தபடியே தன்னிடமுள்ள ஆயுதத்தை எல்லாம் கொட்டுகிறது, அதில் ஒன்று ஐதரசன் பேரொட்சைட்டு. இரும்பு(II) அயனும் ஐதரசன் பேரொட்சைட்டும் சேர்ந்தால் என்ன வரும் என்று உயர்தரப் பிள்ளைகளைக் கேட்கத் தேவையில்லை, அந்தத் தாக்கத்தைப் பென்ரன் என்ற இரசாயனவியலாளர் 1894 இலேயே எழுதிவைத்துவிட்டார். அதிலிருந்து வருவது ஐதரொட்சில் மூலிகம். அது பக்கத்தில் எது இருந்தாலும் தாக்கும், கொழுப்பு, புரதம், டீஎன்ஏ என்று பார்க்காது. தாக்கி முடிந்த இரும்பைக் கலத்துக்குள் இருக்கும் தாழ்த்திகள் திரும்பவும் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும், ஆகவே ஒரே இரும்பு அயன் அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். கலங்களை வைத்துச் செய்த சோதனைகளில், இரும்பைப் பிடித்துக் கட்டிவைக்கும் டெஸ்பெரிஒக்சமின் என்ற மருந்தைச் சேர்த்தால் குரோசிடோலைட் செய்யும் சேதம் குறைகிறது. அந்த மருந்து தலசீமியா நோயாளருக்கு உடலில் மிஞ்சும் இரும்பை எடுக்கக் கொடுப்பது, எங்கள் நாட்டில் பலருக்குத் தெரிந்த ஊசிதான்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. "சேர், இரும்புதான் காரணமென்றால் எங்கட செம்மண் புழுதியாலயும் புற்றுநோய் வரவேணுமே?" வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அந்த நிறம் இரும்பு ஒட்சைட்டால்தான் வந்தது, தோட்டம் செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் புழுதிக்குள்தான் வாழ்ந்தவர்கள். மறுமொழி இதுதான்: ஒட்சைட்டுத் துணிக்கைக்குள் இரும்பு சுற்றிவர ஒட்சிசனால் நன்றாகக் கட்டப்பட்டுக் கிடக்கிறது, ஒவ்வொரு அயனுக்கும் கை நிறைந்திருக்கிறது. அஸ்பெஸ்டஸ் நாரின் மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தனித்து நிற்கும் இரும்பு அயன்களுக்குச் சில பக்கம் வெறுமையாக இருக்கிறது, அந்த வெறுமையான பக்கத்தில்தான் பேரொட்சைட்டு வந்து ஒட்டித் தாக்கம் நடக்கிறது. எவ்வளவு இரும்பு என்பதைவிட எங்கே, எப்படி நிற்கிறது என்பதுதான் இங்கே விசயம். இதைப் பல வருடமாக ஆராய்ந்தவர்கள் இத்தாலியின் தூரின் பல்கலைக்கழகத்தில் பீச்சே புபீனி என்ற அம்மாவும் அவரோடு இருந்தவர்களும். அதோடு செம்மண் துணிக்கை நாரும் அல்ல, தின்குழியம் அதை ஒரே வாயில் முடித்துவிடும்.

சரி, இரும்பு இல்லாவிட்டால் பயமில்லையா? அதற்கும் துருக்கியில் விடை இருக்கிறது. கப்படோசியாப் பகுதியில் கராயின் போன்ற சில கிராமங்களில் ஆட்கள் வீடு கட்டிய மென்பாறையில் எரியோனைட் என்ற ஒரு நார்க் கனியம் இருக்கிறது. அது அஸ்பெஸ்டஸே அல்ல, சியோலைட்டு வகை, அதன் கட்டமைப்பில் இரும்புக்கு இடமில்லை. ஆனால் நுரையீரலைச் சுற்றியிருக்கும் சவ்வில் வரும் மீசோதீலியோமாவால் அங்கே வீட்டுக்கு வீடு சாவு என்று 1970களில் மருத்துவர்கள் கண்டார்கள். எரியோனைட் அயன்களை மாற்றிக்கொள்ளும் தன்மை உள்ளது, உடலுக்குள் போனபிறகு எங்கள் இரும்பையே மேலே ஏற்றிக்கொள்கிறது. அஸ்பெஸ்டஸ் நாரிலும் இதே கூத்து நடக்கும், உடல் அதை மூடி மறைக்கப் பார்த்து இரும்பு சேர்ந்த புரதத்தை மேலே பூசும், நுணுக்குக்காட்டியில் இரண்டு தலையும் பருத்த மஞ்சள் தடிபோலத் தெரிவது அதுதான். ஆகவே வெள்ளையில் இரும்பு குறைவு என்பதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியாது. மறுபக்கம், மேற்பரப்பு எவ்வளவு பொல்லாததாக இருந்தாலும் நாராக இல்லாமல் மணியாக இருக்கும் அதே கனியம் இந்தளவு தீங்கு செய்வதில்லை. வடிவம், எவ்வளவு காலம் உள்ளே நிற்கிறது, மேற்பரப்பு, இந்த மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும், ஒன்றை மட்டும் உருவி எடுத்துக் கதை சொல்பவர் ஏதோ விற்க வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புகைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிகரெட்டுப் புகையில் இருக்கும் புற்றுநோய்ப் பொருட்கள் நாரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். அஸ்பெஸ்டஸ் வேலை செய்பவர் புகைக்கவும் செய்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இரண்டையும் கூட்டினால் வருவதைவிட அதிகம். மீசோதீலியோமா அப்படியில்லை, அது புகைக்காதவரையும் பிடிக்கும்.

எண்ணில் சொல்லுங்கள் என்று கேட்பவர்களுக்கு: பிரித்தானியாவின் ஹொட்ஜ்சனும் டார்ன்ரனும் 2000 ஆம் ஆண்டில், பல நாட்டுத் தொழிலாளர் தரவுகளை ஒன்றுசேர்த்து, மீசோதீலியோமா ஆபத்தில் வெள்ளை 1 என்றால் மண்ணிறம் 100, நீலம் 500 என்று மதிப்பிட்டார்கள். எவ்வளவு பெரிய வித்தியாசம், விற்பவர்கள் இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் 1 என்பது பூச்சியம் இல்லையே! சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வெள்ளை உட்பட எல்லா வகையையும் முதலாம் தொகுதியில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்ற தொகுதியில்தான் வைத்திருக்கிறது. அவுஸ்திரேலியா 2003 முடிவோடு நிறுத்தியது, ஐரோப்பிய ஒன்றியம் 2005 இல் நிறுத்தியது, அமெரிக்காகூட 2024 இல் கிறைசோட்டைலைத் தடை செய்தது.

எங்கள் இலங்கைக் கதை தெரியுந்தானே. 2018 இல் தொடங்கி இறக்குமதியை நிறுத்துவதாக அரசாங்கம் சொல்லியிருந்தது. 2017 டிசெம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததென்று எங்கள் தேயிலையை மறித்தது. ரஷ்யாதான் எங்களுக்குப் பெரும்பாலான கிறைசோட்டைலையும் விற்கிற நாடு. சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் தடை பின்போடப்பட்டது, தேயிலையும் போகத் தொடங்கியது. நல்ல வண்டு.

இனி எங்கள் ஊருக்கு வருவோம். எங்கள் பக்கம் ஒரு கட்டடப் பொருள் கடையின் பின்வளவில் சீற்றை அளவுக்கு வெட்டிக் கொடுக்கிறார்கள், பெயர் வேண்டாம், யாழ்ப்பாணத்தில் இப்படி எத்தனையோ கடை. பொடியன் ஒருவன் சீற்றை இரண்டு கல்லில் தூக்கிவைத்துக் கிரைண்டரை ஓடவிடுவான், ஒரு வரிசை வெட்டி முடிய முன் அவன் புருவம், கைமயிர், சேட்டுப் பொக்கற் எல்லாம் சாம்பல் வெள்ளை. அதைத் தட்டுவான், தட்டின தூசி மதிலுக்கு அந்தப் பக்கம் கொடியில் காயும் உடுப்பில் போய்ப் படியும். அங்கே ஒரு வாளி தண்ணீரும் ஒரு கைவாளும் இருந்திருந்தால் முக்கால்வாசித் தூசி எழும்பியே இராது. கிரைண்டர் சுற்றும் வேகத்தில் சீமெந்து உடைந்து நார் தனித்தனியாக, புதுசாக, மேற்பரப்பு முழுவதும் திறந்தபடி வெளியே வருகிறது. கண்ணுக்குத் தெரியும் வெள்ளைப் புழுதி வேலிக்குள் விழுந்துவிடும், ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்காக மிதப்பது. கொரோனாக் காலத்து நீல மாஸ்க் இதற்கு உதவாது. அந்தப் பொடியனுக்கு நோய் வருவதென்றால் அது இருபதிலிருந்து ஐம்பது வருடம் கழித்து வரும், அப்போது கடையும் இராது, யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவும் மாட்டார்கள்.

இன்னொரு வேலை இப்போது பெருகிவருகிறது, கூரை கழுவிப் பெயின்ற் அடித்துக் கொடுப்பது. சீற் கறுத்துப் போயிருந்தால் வீட்டுக்காரருக்குப் பொறுக்காது, அதுவும் கலியாணமோ கோயில் திருவிழாவோ வந்தால் சொல்லத் தேவையில்லை. கம்பி பிறஷ்ஷால் உரஞ்சுகிறார்கள், இல்லாவிட்டால் மெசினால் தண்ணீரை அடிக்கிறார்கள். மழை வருடக்கணக்காகச் சீமெந்தின் சுண்ணாம்பைக் கரைத்து மேலேயுள்ள நாரைப் பாதி வெளியே விட்டிருக்கும், அதற்கு மேல் பாசிமாதிரிக் கறுப்பாகப் படர்ந்து வளர்ந்த இலைக்கன்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. தூரினில் இதையும் பார்த்திருக்கிறார்கள்: அஸ்பெஸ்டஸ் சீமெந்துக் கூரையில் இலைக்கன் மூடிய இடத்தில் நார் கழன்று போவது குறைவு, அது சுரக்கும் ஒட்சாலிக்கமிலம் நாரிலிருந்து மக்னீசியத்தை மெல்ல மெல்ல இழுத்தெடுக்கிறது. மண்ணில் வாழும் சில பூஞ்சணங்கள் நாரிலிருக்கும் இரும்பையும் உருவுகின்றன. நாங்கள் காசு கொடுத்து உரஞ்சி எடுக்கும் அந்தக் கறுப்பு, காசில்லாமல் எங்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தது! வடிவாக இல்லைத்தான், விட்டுவிடுங்கள்.

பீலியில் தேங்கும் சேறும் அப்படித்தான், அதில் நார் இருக்கும், ஈரமாக இருக்கும்போதே அள்ளிப் பையில் கட்டவேண்டும், காயவிட்டு விளக்குமாறால் கூட்டக் கூடாது. கூரைத் தண்ணீரைக் குடித்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். குடிப்பதால் கேடு என்பதற்கான சான்று பலவீனமானது, பயப்பட வேண்டியது மூச்சுக்குத்தான்.

பிறகு, நாங்கள் பேசாமல் விட்ட ஒன்று. 1996 இல் திரும்பி வந்தபோதும் 2009க்குப் பிறகு வலிகாமம் வடக்கில் காணி விடுபட்டபோதும் ஷெல் விழுந்து நொருங்கின சீற்றுக்குள்தான் ஆட்கள் குடியேறினார்கள். வெறுங்கையால் அள்ளினோம், ஒழுங்கைப் பள்ளத்தை அதனால் நிரவினோம், உடையாத துண்டால் ஆட்டுக்கொட்டிலும் கோழிக்கூடும் மேய்ந்தோம். அப்போது வேறு வழி இருக்கவில்லை, யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஒழுங்கைகளில் வாகனம் ஏறி ஏறி இன்றைக்கும் அவை அரைபடுகின்றன. இனியாவது மேலே மண் போட்டு மூடலாம். குப்பையோடு சேர்த்து எரிப்பது இன்னும் கூடாது, கிறைசோட்டைலின் கட்டமைப்பு குலைய 600, 700 பாகை செல்சியசுக்கு மேல் வேண்டும், வளவுக்குள் சருகு எரிக்கும் நெருப்பு அந்த அளவுக்குப் போகாது, சீற் படீர் படீரென்று வெடித்து நாலு பக்கமும் சிதறுவதுதான் மிச்சம்.

கூரை உடையாமல் இருந்தால் கீழே பயமில்லாமல் படுக்கலாம், இன்றே கழற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை. கழற்றுவதென்றால் முதலில் தண்ணீர் அடித்து, ஆணியை வெட்டி முழுச் சீற்றாக இறக்கி, தடித்த பொலித்தீனால் சுற்றவேண்டும். சுற்றினபிறகு எங்கே கொண்டுபோவது? எங்கள் பிரதேச சபையில் கேட்டுப் பார்த்தேன், குப்பை உழவு இயந்திரத்தில் போடச் சொன்னார்கள், அதில் போட்டால் மற்றக் குப்பையோடு நசிந்து நொருங்கித்தான் போகும். மாநகர சபையும் பிரதேச சபைகளும் சேர்ந்து குடாநாட்டில் ஒரே ஒரு இடத்தையாவது இதற்கென்று ஒதுக்கி, நிலத்தடி நீர் பார்த்து, அடியிலும் மேலேயும் களிமண் போட்டு, மாதத்தில் ஒரு நாள் சுற்றிக்கட்டின சீற்றை மட்டும் ஏற்ற ஒரு வண்டி விடலாம். கடைகளின் பின்வளவில் கிரைண்டரை நிறுத்தச் சுற்றறிக்கை ஒன்றும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் போதும், அதற்குக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. மாரி தொடங்க முன்னம், ஆட்கள் கூரை திருத்த ஏற முன்னம், இதைச் செய்ய முடியுமா என்று உங்கள் செய்தியாளர் யாராவது சபைகளில் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.